பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்த ஊரில் பத்து நாள்

ஓய்வு பெற்ற ஓவர்சீயரும் மனைவியும் தஞ்சாவூரில் கண்டது என்ன?

தஞ்சாவூர் ரெயில் நிலையம். பொழுது இன்னும் நன்றாக விடியவில்லை.

சென்னையில் இருந்து வந்த உழவன் எக்ஸ்பிரசில் இருந்து வயதான ஒரு கணவனும் மனைவியும் இறங்கினார்கள். கணவருக்கு வயது 80. மனைவிக்கு 74. கையில் ஒரு பெட்டி, ஒரு பிரம்புக்கூடை, ஒரு குடை.

நிலையத்துக்கு வெளியே வந்ததும் பெரியவர் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார்.

"என்ன தேடுகிறீர்கள்?" என்று அம்மாள் கேட்டார்.

"ஜட்கா வண்டி இங்கேதானே நிற்கும்?"

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல ஆள்தான் நீங்கள்! அந்தக் குதிரையின் பேரக்குதிரைகூட இப்போது இருக்காது" என்றார்.

ஓர் ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் இளைஞர். மரியாதையானவர்.

"வாங்க ஐயா. பெரிய கோவில் பார்க்க வந்திருக்கிறீர்களா? நல்ல லாட்ஜாக நானே காட்டுகிறேன்" என்றார்.

பெரியவருக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருஷம் இந்த ஊரில் குடியிருந்தவர் அவர். இந்த ஊர்ச் சந்துகள் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவரைப் பார்த்து, "ஊர் பார்க்க வந்தீர்களா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

ஆனால் டிரைவர் மீது என்ன தப்பு? வந்தவர்களுக்கு அந்த ஊரில் வீடு இல்லை. லாட்ஜுக்குத்தான் போகவேண்டும். போனார்கள்.

யார் இவர்கள்?

பெரியவர் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். பொதுப்பணித் துறையில் ஓவர்சீயர் வேலை கிடைத்துத் தஞ்சாவூருக்கு வந்தார். 1971-ம் ஆண்டு வைகாசியில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவியை அழைத்து வந்து மேல வீதியில் ஒரு சந்தில் குடி வைத்தார். வாடகை மாதம் 45 ரூபாய்.

அம்மாளும் அதே வறண்ட சீமையில் பிறந்தவர்தான். அவருடைய கிராமத்தில் கோழி கூவும் முன் கிணற்றடிக்குப் போக வேண்டும். வரிசையில் நின்று ஊற்றுத் தண்ணீரை அகப்பையால் மொண்டு குடத்தை நிரப்பவேண்டும். அப்படி வளர்ந்த பெண், இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடும் ஆற்றை முதன்முதலில் தஞ்சாவூரில்தான் பார்த்தார். பார்த்ததும் கணவரிடம் கேட்ட கேள்வி இது:-

"இவ்வளவு தண்ணீரும் யாருக்கு?"

இந்தக் கேள்வியைப் பெரியவர் இன்றைக்கும் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு குழந்தைகளும் தஞ்சாவூரில்தான் பிறந்தார்கள். 1983-ல் மாற்றல் வந்தது. ஊரை விட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு, கும்பகோணத்தில் ஒரு கல்யாணம், மன்னார்குடியில் ஒரு துக்கம் என்று இரண்டொரு தடவை பஸ்சில் கடந்து போனதோடு சரி. இறங்கித் தங்கியது இல்லை.

இப்போது மகனோடு சென்னைக்கு வெளியே அடுக்கு மாடி வீட்டில் இருக்கிறார்கள். நான்காவது மாடி. குளிக்கத் தண்ணீர் லாரியில் வருகிறது. குடிக்கத் தண்ணீர் கேனில் வருகிறது.

பந்தயம்

ஒரு நாள் தண்ணீர் லாரி வரவில்லை. அம்மாள் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நாம் இரண்டு பேரும் தஞ்சாவூருக்கே போய்விடலாம். கடைசிக் காலத்தை அங்கே கழிக்கலாம். உங்களுக்குப் பென்ஷன் வருகிறது. எனக்கு அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள்" என்றார்.

பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நீ நினைக்கிற தஞ்சாவூர் இப்போது இல்லை. நாற்பது வருஷத்தில் எல்லாம் மாறி இருக்கும். அங்கே போய் யார் வீட்டுத் திண்ணையில் உட்காருவாய்? திண்ணையே இருக்காது" என்றார்.

பேச்சு வளர்ந்தது. ஒரு வாரம் ஓயவில்லை. கடைசியில் மகன் ஒரு வழி சொன்னார்.

"இரண்டு பேரும் பத்து நாள் லீவு போட்டுவிட்டு அங்கே போய் இருந்து பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்" என்றார்.

"பென்ஷன் வாங்குகிறவனுக்கு ஏதடா லீவு?" என்று பெரியவர் கேட்டார்.

"பேரப்பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றி இறக்குகிறீர்களே, அதற்கு லீவு!"

நாள் குறித்தது பெரியவர். 2025-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி. ஏன் அந்தத் தேதி என்று அம்மாள் கேட்கவில்லை. ஓவர்சீயர் மனைவிக்கு அது தெரியும்.

91 வயது "புது" ஆறு

ரெயில் நிலையத்தில் இருந்து ஊருக்குள் போக ஒரு பாலத்தைத் தாண்டவேண்டும். இர்வின் பாலம். பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். "கொஞ்சம் நிறுத்து தம்பி" என்று பெரியவர் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார்.

கீழே ஆறு இருந்தது. தண்ணீர் இல்லை. காய்ந்து கிடந்தது. கரைகளுக்குச் சிமெண்டுப் பூச்சு போட்டிருந்தார்கள்.

சர்க்கார் தஸ்தாவேஜில் இதற்குப் பெயர் கல்லணைக் கால்வாய். தஞ்சாவூர்க்காரர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். "புது ஆறு" என்பார்கள். மேட்டூர் அணை கட்டியபோது கூடவே வெட்டிய கால்வாய் இது. 1934-ல் தண்ணீர் விட்டார்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று அதுவரை காவிரித் தண்ணீர் பார்க்காத மேட்டுப் பூமிக்கு எல்லாம் நெல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த ஆறுதான். 2025-ல் அதற்கு வயது 91. இன்னமும் அது புது ஆறுதான்! பழைய ஆறுகளுக்கு வயது ஆயிரக்கணக்கில் இருக்கும்போது 91 என்பது குழந்தைப் பருவம்தானே.

லாட்ஜில் பதிவுப் புத்தகத்தை நீட்டினார்கள். "நிரந்தர முகவரி" என்ற இடத்தில் பெரியவர் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு சென்னை விலாசத்தை எழுதினார். "வந்த காரணம்" என்ற இடத்தை அவர் நிரப்பவில்லை. மானேஜரே "சுற்றுலா" என்று எழுதிக்கொண்டார்.

ஆட்டுக்கல்லில் காக்கை

முதல் வேலையாக மேல வீதிக்குப் போனார்கள்.

வீதி இருந்தது. சந்து இருந்தது. வீட்டைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று தடவை அதே வாசலைத் தாண்டிப் போனார்கள். திண்ணையை இடித்துவிட்டு அந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார்கள். ஓட்டுக் கூரை போய்த் தளம் வந்திருந்தது. (திண்ணை இருக்காது என்று சொன்ன பெரியவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அம்மாள் பார்க்காதது போல இருந்துவிட்டார்.)

கடையை ஒட்டி ஒரு நடை. உள்ளே ஒரு பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு இருந்தாள்.

"யாரைப் பார்க்கவேண்டும்?" என்று கேட்டாள்.

"யாரையும் இல்லை அம்மா. இந்த வீட்டில் நாங்கள் முன்னே குடியிருந்தோம். முற்றத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறோம்."

அந்தப் பெண் புதுக்கோட்டைப் பக்கம். ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். குழந்தையும் அவளுமாக இருக்கிறாள். சந்தேகத்தோடுதான் கதவைத் திறந்தாள். ஐந்து நிமிஷத்தில் காப்பி போடப் போய்விட்டாள்.

முற்றத்துக்கு மேலே கம்பி வலை அடித்திருந்தார்கள். கிணற்றைச் சிமெண்டுப் பலகையால் மூடி அதன் மேல் மோட்டார் வைத்திருந்தார்கள். ஆனால் ஒன்று மட்டும் அப்படியே இருந்தது. தரையில் பதித்த ஆட்டுக்கல். குழவியைக் காணோம். குழியில் தண்ணீர் நின்றது. வலை கிழிந்த இடத்தின் வழியாக ஒரு காக்கை வந்து குடித்துவிட்டுப் போயிற்று.

"இதில் மாவு அரைக்கலாமா அம்மா? நான் பறவைக்காக வைத்தது என்று நினைத்தேன்" என்றாள் நர்ஸ் பெண்.

அம்மாள் கல்லைத் தடவிப் பார்த்தார். "பன்னிரண்டு வருஷம் நான் அரைத்த கல். கொத்து தேய்ந்துவிட்டது. குழவி மூலையில் எங்கேயாவது கிடக்கும். கண்டுபிடித்துக் கல்லுக்குக் கொத்துப் போட்டுவிட்டால் நன்றாக அரைக்கும்" என்றார்.

பெரியவர் வேறு கணக்கில் இருந்தார். "வாடகை எவ்வளவு அம்மா கொடுக்கிறாய்?" என்று கேட்டார்.

"எட்டாயிரம்."

"எட்டாயிரமா!" என்றவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

கல்லில் எழுதிய விலாசம்

சாயங்காலம் பெரிய கோவில். அந்தக் காலத்தில் பெரியவர் வேலை முடிந்து வந்ததும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போவார்கள். தயிர்ச் சோறு கட்டிக்கொண்டு போய்ப் புல்தரையில் உட்காருவார்கள். காசு செலவில்லாத உல்லாசம்.

இப்போது கூட்டம் அதிகம். கோவிலை 1987-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். 2020 பிப்ரவரி 5-ந் தேதி நடந்த குடமுழுக்குக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். இடையில் 1997 ஜூனில் யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து நாற்பது பேருக்கு மேல் இறந்துபோன துக்கமும் நடந்தது. அன்றைக்குப் பத்திரிகையைப் படித்துவிட்டு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. தெரிந்தவர் யாராவது இருப்பார்களோ என்று பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தார்களாம்.

விமானம் 216 அடி உயரம். ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்தது. "இதன் நிழல் தரையில் விழாது" என்று ஒரு கைடு சிலரிடம் சொல்லிக்கொண்டு இருந்தார். பெரியவரால் பொறுக்க முடியவில்லை. கைத்தடியால் தரையைத் தட்டிக் காட்டினார். அங்கே விமானத்தின் நிழல் நீளமாக விழுந்து கிடந்தது! கைடு கோபித்துக் கொள்ளவில்லை. "எனக்கும் தெரியும் ஐயா. சொல்லாவிட்டால் கேட்கிறவர்களுக்குத் திருப்தி இல்லை" என்றார்.

சுவர் எங்கும் கல்வெட்டு. அதில் ஒரு விசேஷம் உண்டு. ராஜராஜன் இந்தக் கோவிலில் ஆடிப் பாடுவதற்கு நானூறு பெண்களை வரவழைத்தான். அவர்கள் சோழ நாட்டில் பல ஊர்க் கோவில்களில் இருந்து வந்தவர்கள். அவர்களுக்காகக் கோவிலைச் சுற்றித் தனியாகத் தெருக்கள் போட்டு வீடு கொடுத்தான். ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல். கொடுத்ததோடு நிற்கவில்லை. நானூறு பேர் பெயரையும், எந்தக் கோவிலில் இருந்து வந்தவள், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதையும் கல்லில் வெட்டி வைத்துவிட்டான். ஆயிரம் வருஷம் ஆகியும் அந்த விலாசம் அழியவில்லை.

இதைப் பெரியவர் விளக்கிச் சொன்னார். அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வெளியூரில் இருந்து வந்தவர்களுக்குப் பெயர் எழுதி வைத்திருக்கிறான். நாமும் வெளியூரில் இருந்து வந்தவர்கள்தான். நம் பெயர் எங்கே எழுதி இருக்கிறது?"

"கரண்டு பில்லில் இருந்திருக்கும்" என்றார் பெரியவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் வீட்டுக்காரர் பெயரில்தான் வந்தது" என்றார்.

மூன்று சிநேகிதிகள்

அம்மாள் "எனக்கு அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள்" என்று சொன்னது மூன்று பேரை நினைத்து. மூன்று பேரும் அந்தச் சந்தில் இருந்தவர்கள்.

ஒருவரைப் பற்றி விசாரித்தார். ஆறு வருஷம் முன்பு காலமாகிவிட்டார் என்று சொன்னார்கள். இன்னொருவர் மகளோடு பெங்களூரில் இருக்கிறார். மூன்றாமவர்தான் வீட்டுக்காரர் மனைவி. அம்மாளை விடப் பதினைந்து வயது பெரியவர். "அக்கா, அக்கா" என்று அம்மாள் உயிரை விடுவார்.

அதற்குக் காரணம் உண்டு.

1977-ம் ஆண்டு நவம்பர் மாதம். நாகப்பட்டினத்துக்கு அருகே பெரும் புயல் கரை ஏறியது. 12-ந் தேதி அதிகாலை. தஞ்சாவூர் ஜில்லா சின்னாபின்னம் ஆகிவிட்டது. நூற்றுக்கணக்கில் உயிர்ச்சேதம். மரங்களுக்குக் கணக்கே இல்லை.

பெரியவர் அன்றைக்கு வெண்ணாற்றங்கரையில் இருந்தார். உடைப்பு எடுக்காமல் காப்பதற்குச் சாக்குகளில் மணலை நிரப்பி அடுக்கிக்கொண்டு இருந்தார்கள். வீட்டில் அம்மாளும் இரண்டு குழந்தைகளும். மகளுக்கு நாலு வயது. மகனுக்கு ஒன்றரை. நடு இரவில் ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்க ஆரம்பித்தன. விளக்கு இல்லை. அம்மாள் குழந்தைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அழுதுகொண்டு இருந்தார். அப்போது நடுவில் இருந்த கதவை இடித்துக்கொண்டு வந்தார், வீட்டுக்கார அம்மாள். ஒரு குழந்தையை இடுப்பிலும் ஒரு குழந்தையைத் தோளிலும் போட்டுக்கொண்டு தம் பகுதிக்குக் கொண்டுபோனார். பெரியவர் வீட்டுக்கு வந்தது நாலாவது நாள். அதுவரை அவர்களுக்குச் சோறு போட்டது அக்காதான்.

அந்த அக்கா இப்போது மருத்துவக் கல்லூரிச் சாலையில் மகள் வீட்டில் இருக்கிறார். அம்மாள் தஞ்சாவூர்க் கதம்பம் இரண்டு முழம் வாங்கிக்கொண்டு போனார். மரிக்கொழுந்து வாசனை ஆட்டோ முழுவதும் வீசியது.

அக்காவுக்கு வயது 89. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் பளிச்சென்று இருந்தது. நினைவுதான் இல்லை.

"என்னைத் தெரிகிறதா அக்கா?"

"சாப்பிட்டாயா?"

"சாப்பிட்டேன் அக்கா. மேல வீதியில் ஓவர்சீயர் வீடு அக்கா. புயல் அன்றைக்கு..."

"சாப்பிட்டாயா?"

முக்கால் மணி நேரம் இருந்தார்கள். நாலு தடவை அதே கேள்வி. நாலு தடவையும் அம்மாள், "சாப்பிட்டேன் அக்கா" என்று பதில் சொன்னார். பூவை அக்காவின் தலையில் வைத்துவிட்டு வந்தார்.

அன்றிரவு லாட்ஜில் அம்மாள் பேசவில்லை. விளக்கை அணைத்த பிறகு சொன்னார்:-

"நீங்கள் சொன்னதுதான் சரி. ஊருக்கே போய்விடலாம்."

பந்தயத்தில் ஜெயித்த பெரியவர் சந்தோஷப்படவில்லை.

"பதினைந்தாம் தேதி ஆகட்டும்" என்றார்.

நாற்காலி போட்டார்கள்

மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். குறுவைக்குத் தண்ணீர் வேண்டும் அல்லவா? ஆனால் வழக்கம் என்று பெயரே தவிர, அணையில் தண்ணீர் இருந்தால்தான் திறக்க முடியும். 2012-ல் இருந்து 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020-ல் திறந்தார்கள். 2022-ல் தண்ணீர் மிகுதி; மே 24-ந் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28-ந் தேதி வரை தள்ளிப் போயிற்று. கர்நாடகத்தோடு வழக்கு, 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் தீர்ப்பு, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு என்று எவ்வளவோ நடந்துவிட்டது. பயிருக்குத் தெரிந்தது தேதி ஒன்றுதான்.

2025-ல் ஜூன் 12-ந் தேதியே திறந்துவிட்டார்கள். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நாள் ஆகும். 15-ந் தேதி கல்லணை திறப்பு.

பெரியவர் மனைவியை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கல்லணையில் ஒரே கூட்டம். போலீஸ், கார்கள், மாலைகள்.

கரிகாலன் கட்டிய அணை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1,080 அடி நீளம். மணல் படுகையில் பாறைகளை அமிழ்த்தி எழுப்பியது. அந்த அஸ்திவாரத்தைப் பார்த்துத்தான் ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்கார என்ஜினீயரே வியந்து போனார். இங்கேதான் தண்ணீரைப் பங்கு போடுகிறார்கள். காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு, புது ஆற்றுக்கு இவ்வளவு. வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்துக்கு. ஒரு வீட்டில் தாயார் சோறு பரிமாறுவது போலத்தான். யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு என்பதில்தான் சண்டை வரும்!

ஷட்டர் ஏறியது. பூவும் நெல்லும் தூவினார்கள். தண்ணீர் சீறிக்கொண்டு போயிற்று. கூட்டம் கலைந்தது.

பெரியவர் நகரவில்லை. மதகு ஓரமாக நின்று தண்ணீரின் போக்கையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஓர் இளம் என்ஜினீயர் அருகே வந்தார். "ஐயா, ஓரமாக நிற்காதீர்கள்" என்று சொல்ல வந்தவர்தான்.

"1971-ல் நான் இந்த ஜில்லாவில் ஓவர்சீயர். 77 புயலில் வெண்ணாற்றில் இருந்தேன்" என்றார் பெரியவர்.

என்ஜினீயர் முகம் மாறிவிட்டது. "77-லா? உட்காருங்கள் ஐயா" என்று சொல்லி நாற்காலி போடச் சொன்னார். டீ வந்தது. இரண்டு லஸ்கர்களும் வந்து நின்றார்கள். வெண்ணாற்றில் எந்த வளைவில் கரை பலவீனம், அப்போது எங்கே மணல் மூட்டை போட்டீர்கள், எதனால் உடைப்பு எடுத்தது என்று கேள்வி மேல் கேள்வி.

பெரியவர் அரை மணி நேரம் பேசினார். "கரையை உடைப்பது வெள்ளம் இல்லை தம்பி. நண்டு வளையும் எலி வளையும்தான். வெள்ளம் அதைக் கண்டுபிடிக்கிறது, அவ்வளவுதான். எங்கள் லஸ்கர்கள் ராத்திரியில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு கரையில் நடப்பார்கள். கரையின் வெளிப்பக்கம் ஈரம் தெரிகிறதா என்று காலால் தடவிப் பார்த்துக்கொண்டே போவார்கள்" என்றார். என்ஜினீயர் செல்போனில் குறித்துக்கொண்டார்.

அம்மாள் தூரத்தில் நின்று இதைப் பார்த்தார். தம் கணவரை அப்படி நிமிர்ந்த முதுகோடு பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது அவருக்கு.

திரும்பி வரும்போது பஸ்சில் பெரியவர் மெல்ல ஆரம்பித்தார்.

"எட்டாயிரம் ஒன்றும் அதிகம் இல்லை. என் பென்ஷனில் கொடுக்கலாம்."

அம்மாள் திடுக்கிட்டுப் பார்த்தார்.

ஐந்து பாலம்

இப்படியாகப் பந்தயம் தலைகீழாகிவிட்டது! வரவேண்டும் என்றவர் வேண்டாம் என்கிறார். வேண்டாம் என்றவர் வீடு பார்க்கலாம் என்கிறார்.

மறுநாள் திருவையாற்றுக்குப் போனார்கள். தஞ்சாவூரில் இருந்து பஸ்சில் அரை மணி நேரம். அதற்குள் ஐந்து பாலம் வரும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்லி வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அசோகா அல்வா வாங்கிச் சாப்பிட்டார்கள். இருவருக்கும் சர்க்கரை வியாதி. மகனிடம் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

வழியில் வயல்கள். ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர்கள் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருக்காமல் குறுவை நட்டுவிட்டார்கள். ஒரு வயலில் இயந்திரம் நட்டுக்கொண்டு போயிற்று. இன்னொரு வயலில் மேற்கு வங்காளத்தில் இருந்து வந்த ஆண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டு இருந்தார்கள். முன்பெல்லாம் நடவு என்றால் பெண்கள்தான். குலவை போட்டுப் பாடிக்கொண்டு நடுவார்கள். பஸ் நின்றால் பாட்டுக் கேட்கும். இப்போது நடுகிற வங்காளத்து ஆளும் ஊரை விட்டு வந்தவன்தான். அவன் பாடுகிறானோ என்னவோ, பஸ் நிற்கவில்லை.

முதல் தண்ணீர்

17-ந் தேதி காலை. லாட்ஜுக்குக் கீழே டீக்கடையில், "புது ஆற்றில் தண்ணீர் வருகிறதாம்" என்று பேச்சு. இரண்டு பேரும் வேகமாக நடந்தார்கள்.

பாலத்தில் ஜனங்கள் நின்றார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார்கள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றார்கள். முதலில் தண்ணீர் என்று தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் ஒரு நுரைதான் ஊர்ந்து வந்தது. அதன் முன்னால் சருகு, குச்சி, தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் பாட்டில்கள். ஒரு நாய் நுரைக்கு முன்னே ஓடிக்கொண்டே வந்தது. திரும்பித் திரும்பிக் குரைத்தது. சின்னப் பையன்கள் கூச்சல் போட்டார்கள்.

அம்மாள் தலையில் இருந்த கதம்பத்தை எடுத்தார். தண்ணீரில் போட்டார். பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண், "எதற்குப் பாட்டி பூப் போடுகிறீர்கள்?" என்று கேட்டாள்.

"வந்ததற்கு" என்றார் அம்மாள்.

பெரியவர் மேல வீதியில் ஒரு புரோக்கரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு பகுதி காலி இருக்கிறதாம். தரைத்தளம். ஏழாயிரம். அம்மாள் பிடிகொடுக்கவில்லை. "உங்களுக்கு நாற்காலி போட ஆள் இருக்கிறார்கள். எனக்குப் பேச ஆள் வேண்டாமா?" என்று கேட்டார். அதற்குப் பெரியவரிடம் பதில் இல்லை.

போன் வந்தது

20-ந் தேதி பகலில் சோழன் எக்ஸ்பிரசில் ஏறினார்கள். பிரம்புக்கூடையில் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு தலையாட்டிப் பொம்மைகள். கும்பகோணத்து வெற்றிலையைப் பிளாட்பாரத்தில் வாங்கிக்கொண்டார்கள். ரெயில் ஆடுதுறையைத் தாண்டியது. இரண்டு பக்கமும் வாய்க்கால்களில் தண்ணீர் ஏறியிருந்தது.

அம்மாளுடைய செல்போன் அடித்தது.

"யார்? ... ஓ, நீயா அம்மா! ... கிடைத்துவிட்டதா? கொல்லையிலா இருந்தது? ... கொத்துக்காரன் வந்தானா? சரி, சரி. முதல் தடவை அரைத்ததைச் சாப்பிடாதே, கல்பொடி இருக்கும். தவிட்டைப் போட்டு ஒரு தடவை ஆட்டிக் கழுவிவிடு ... உளுந்தா? இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். குழந்தை தூங்குகிறதா? ... நீ சாப்பிட்டாயா?"

போனை மடியில் வைத்தார்.

பெரியவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"யார், அந்த நர்ஸ் பெண்ணா?"

"ஆமாம். குழவி அகப்பட்டுவிட்டதாம்."

"அந்த ஏழாயிரம் ரூபாய்ப் பகுதி அவள் வீட்டுக்குப் பக்கத்துச் சந்துதான். கேட்டாயா?"

அம்மாள் ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பு தடவினார்.

"நாளைக்குப் பேசுவாள். அப்போது கேட்கிறேன்" என்றார்.